எதிரில் வைத்துக் கேட்டவர்

யாரைப் பற்றியாவது குறை சொல்லப் போனால் அவர் முதல் வாக்கியத்தையே முடிக்க விடமாட்டார். கையை லேசாகத் தூக்குவார். "இரு கண்ணு, அவங்களையும் கூப்புட்டுக்குறேன். அவங்கள வெச்சுகினே சொல்லு" என்பார். பாதிப் பேர் அந்த இடத்திலேயே "பரவால்லக்கா, விடுங்க" என்று நழுவிவிடுவார்கள். நழுவாமல் நின்றவர்களின் சண்டைகள் அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்திருக்கின்றன. சில சண்டைகள் அங்கேதான் பெரிதாகவும் ஆகியிருக்கின்றன.

சென்னையை ஒட்டிய நூம்பலில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லோரும் அவரை அக்கா என்றே அழைத்தோம். அவரைவிட மூத்தவர்களும் அப்படித்தான். ஆவடியில் ராணுவத்துக்கு உடுப்பு தைக்கும் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பல வருஷம் தையல் மெஷின் மிதித்ததில் முழங்கால் இரண்டும் போய்விட்டிருந்தன. படி இறங்கும்போது பக்கவாட்டில் திரும்பி ஒவ்வொரு காலாக வைத்து இறங்குவார். கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. நான் கரூரிலிருந்து அம்பத்தூருக்கு வேலைக்கு வந்தவள். இந்த ஊர்ப் பேச்சு எனக்குப் பிடிபட்டதே அவரிடம் பேசிப் பேசித்தான்.

நான் குடிவந்த புதிதில் மேல்வீட்டுக்காரர் துணி காயப்போட்டு என் பால்கனி முழுக்கத் தண்ணீர் சொட்டியது. அக்காவிடம் போய் புலம்பினேன். அடுத்த நிமிஷம் மேல்வீட்டு அம்மாள் என் எதிரில் நின்றார். "இப்ப சொல்லு. என்னாண்ட சொன்னியே, அதே மாதிரி சொல்லு" என்றார் அக்கா. பின்னால் சொன்ன வார்த்தைகளில் பாதியை முன்னால் சொல்ல முடியாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். மீதிப் பாதியைச் சொன்னேன். அந்த அம்மாள் மறுநாளே கொடியை உள்ளே தள்ளிக் கட்டிவிட்டார்.

ஆனால் எல்லாம் இப்படி முடிந்ததில்லை. பின்கட்டிடத்தில் ஓர் இளம்பெண் தன் கணவன் குடித்துவிட்டு அடிக்கிறான் என்று அக்காவிடம் அழுதாள். அக்கா வழக்கம்போல அவனைக் கூப்பிட்டு அவள் எதிரிலேயே கேட்டுவிட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றுக்கும் சரி சரி என்றான். அந்த வாரம் அவள் முகத்தை மூடிக்கொண்டுதான் மாடிக்குத் துணி எடுக்க வந்தாள். பிறகு அக்காவிடம் எதையும் சொன்னதில்லை. நான் இதை அக்காவிடம் சொன்னபோது, "வேற எப்டி கேக்கறது?" என்றார். அவருக்கு நிஜமாகவே வேறு வழி தெரியவில்லை என்று எனக்குப் பட்டது.

அக்காவுக்கு முன்னால் எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர் நல்ல மனிதர். இதை நான் சடங்குக்காகச் சொல்லவில்லை. தென்மாவட்டத்துக்காரர். ஆவடியில் இன்னொரு தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்தவர். எங்கள் தெருவுக்குத் தார் போட வைத்தது அவர்தான். ஊரடங்கு நாட்களில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் காய்கறிப் பையை வைத்துவிட்டு மணியை அடித்துவிட்டுத் தள்ளிப் போய் நிற்பார். யாருக்கு எந்த ஆஸ்பத்திரி என்று அவரைத்தான் கேட்போம்.

அவர் தலைவராக இருந்த கடைசி மழைக்காலத்தில் எங்கள் வாட்ச்மேன் இறந்துபோனார். திருவண்ணாமலைப் பக்கத்து ஆள். காலையில் போர் மோட்டாரைப் போடப் போனவர் ஸ்விட்ச் பெட்டிக்குக் கீழே விழுந்து கிடந்தார். முதலில் பார்த்தவர் தலைவர். மாரடைப்பு என்றார்கள். பக்கத்து கிளினிக்கில் அப்படியே எழுதியும் கொடுத்தார்கள். மதியத்துக்குள் உடலை வேனில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டோம். சாயங்காலம் பழைய பெட்டியைக் கழற்றிவிட்டுப் புதுப் பெட்டி மாட்டும் சத்தம் கேட்டது. அது எல்லோருக்கும்தான் கேட்டது.

அடுத்த தேர்தலில் அக்கா தலைவரானார். என்னைச் செயலாளராக இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு நாள் வாட்ச்மேனின் மனைவி வந்தார். புருஷனின் சைக்கிள் இங்கேயே நின்றுவிட்டதாம், பையன் ஓட்டுவான் என்று எடுத்துப்போக வந்திருந்தார். டீ குடித்துக்கொண்டே, யாரையும் குற்றம் சொல்லும் தொனியே இல்லாமல், குளிப்பாட்டும்போது வலது உள்ளங்கை கரிக்கட்டை மாதிரி இருந்தது என்றார். "மாரடைப்பு வந்தா கை கருகுமாம்மா?" என்று கேட்டார். தெரியாததைக் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

அக்கா எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார். அவன் அந்தப் பெண்ணைப் பார்த்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். மழைக்கு முன்னாலேயே பெட்டியில் ஷாக் அடிக்கிறது, மாற்ற வேண்டும் என்று தலைவரிடம் சொன்னதாகவும், மழை முடியட்டும் பார்க்கலாம் என்று அவர் சொன்னதாகவும் சொன்னான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடியது. போலீஸில் புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதுதான் பேச்சு. பெரும்பாலோர் வேண்டாம் என்றார்கள். வயசான மனுஷர், வேண்டுமென்று செய்யவில்லை, போன உயிர் திரும்பாது என்றார்கள். முதல் மாடியில் இருந்த வங்கி அதிகாரி சொன்னதுதான் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. இன்றைக்கு நாம் பழைய தலைவரை ஸ்டேஷனில் ஏற்றினால் நாளைக்கு வருகிறவர் நம்மை ஏற்றுவார், அப்புறம் இந்தப் பதவிக்கு யார் வருவார் என்றார். அவர் சொன்னது நடந்தது. அக்காவுக்குப் பின் வந்தவர்களும் விலகிப் போய், இன்றைக்கு எங்கள் சங்கத்துக்குத் தலைவர் இல்லை. கூட்டம் போட்டால் எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

ஒருவர் மட்டும் துள்ளினார். கார் நிறுத்தும் இடத்துக்காகப் பழைய தலைவரோடு தகராறு செய்தவர். உள்ளே தள்ள வேண்டும் என்றார். அக்கா அவர் பக்கம் திரும்பி, "உனுக்கு அவர் மேல கோவம் கீது. நீ இதுல வராத" என்றார். பிறகு பொதுவாகச் சொன்னார்: "எனக்கு அவர் மேல கோவம் இல்ல. அவரு வாங்கியாந்த காயி நானும்தான் துன்னேன். ஆனா தலைவரா இருந்தாருன்னு கேக்காம உட்டா, செத்தவன் வாட்ச்மேன்னு உட்டதாதான் ஆவும்."

எனக்கு வங்கி அதிகாரி சொன்னதும் சரியாகப் பட்டது, அக்கா சொன்னதும் சரியாகப் பட்டது. இன்றுவரை அப்படித்தான் இருக்கிறது.

புகார் கொடுக்கும் முன் பழைய தலைவரிடமே கேட்க வேண்டும் என்று அக்கா என்னையும் வாட்ச்மேன் மனைவியையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். பழைய தலைவர் சாப்பிட்டுவிட்டுச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா நேராகக் கேட்டார். பெட்டியில கரண்ட் வருதுன்னு உங்களாண்ட சொன்னாங்களா, இல்லியா? அவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். வாயைத் திறந்தார். என்னவோ சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். "சொன்னா என்ன செய்வ?" என்று அக்காவைக் கேட்டார். "போலீஸுக்குப் போவேண்ணே" என்றார் அக்கா. பொய் சொல்ல அவருக்கு வராது. பழைய தலைவர் டிவியின் சத்தத்தைக் கூட்டினார். அவர் மனைவி வந்து எங்களை வெளியே அனுப்பினார்.

போலீஸ் முதலில் எடுக்கவில்லை. உடலை எரித்தாகிவிட்டது, பிரேதப் பரிசோதனை இல்லை, எதை வைத்து என்றார்கள். அக்கா விடவில்லை. மனுப் போட்டு, மேலே போய், கடைசியில் பூந்தமல்லி கோர்ட்டில் கவனக்குறைவால் உயிரிழப்பு என்று வழக்கு நின்றது. பிறகு வாய்தாக்கள். ஜட்ஜ் லீவு, வக்கீல் வரவில்லை, சாட்சி வரவில்லை. வாட்ச்மேனின் மனைவி ஒவ்வொரு வாய்தாவுக்கும் விடியற்காலை பஸ் ஏறி வந்து வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். அக்காவும் போய்ப் பக்கத்தில் உட்காருவார். பழைய தலைவர் வராந்தாவின் மறுகோடியில் தூணில் சாய்ந்து நிற்பார். ஆள் பாதியாகிவிட்டிருந்தார். குடியிருப்பில் அவரைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துகிற வழக்கம் வந்திருந்தது. காலையில் நடக்கப் போவதை விட்டுவிட்டார். அவர் பெண்ணுக்குப் பேசி வைத்திருந்த சம்பந்தம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோனது. இதையெல்லாம் அக்காவிடம் நான் சொன்னால், "தெரியும்" என்பார். அதற்கு மேல் எதுவும் சொல்லமாட்டார். ஆனால் அன்று ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்றுவிடுவார்.

அந்த நாட்களில்தான் கிழக்குப் பக்கத்துச் சுற்றுச்சுவர் சாய ஆரம்பித்தது. அடியில் மண் கரைந்துவிட்டது, இடித்துக் கட்ட வேண்டும் என்று கொத்தனார் வந்து சொன்னார். நானும் பக்கத்தில்தான் இருந்தேன். மறுநாள் எலக்ட்ரீஷியன் சாட்சி சொல்ல வேண்டிய நாள். அக்காவின் நினைப்பெல்லாம் அதில் இருந்தது. "இந்த வாய்தா முடியட்டும்பா, பாத்துக்கலாம்" என்றார்.

எலக்ட்ரீஷியன் கூண்டில் ஏறி, தான் யாரிடமும் எதையும் சொல்லவில்லை என்றான். சுற்றுவட்டாரத்தில் எல்லாக் குடியிருப்புகளிலும் அவனுக்கு வேலை இருந்தது. இறங்கிப் போகும்போது அவன் அக்காவைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அக்கா வேறு சாட்சி தேடி அலைய ஆரம்பித்தார். சுவர் அப்படியே நின்றது.

ஒரு மழை நாள் காலையில் அது விழுந்தது. எங்கள் குடியிருப்பில் நாலைந்து வீடுகளில் பாத்திரம் தேய்க்கிற பெண் சந்து வழியாக வந்துகொண்டிருந்தார். தொடை எலும்பு முறிந்தது. அக்காதான் ஓடிப்போய்ச் செங்கல்லை அள்ளி எறிந்தார். ஆம்புலன்ஸில் கூடவே ஏறினார். அன்று மாலை, கேஸுக்கு வைத்திருந்த வக்கீலுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னார். சுவர் சாய்ந்திருந்தது உங்களுக்கு முன்பே தெரியும் என்று எவரிடமும் வாயைத் திறக்காதீர்கள் என்று வக்கீல் சொன்னார். எதிர்த் தரப்புக்குத் தெரிந்தால், புகார் கொடுத்தவரே இப்படித்தானே என்று மொத்தக் கேஸையும் கவிழ்த்துவிடுவார்கள் என்றார். வாட்ச்மேனின் மனைவி இத்தனை நாள் வந்து உட்கார்ந்ததெல்லாம் வீணாகும் என்றார்.

அக்கா வாயைத் திறக்கவில்லை. தினமும் அரசு ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு கொண்டுபோனார். கட்டிலில் அசைய முடியாமல் கிடந்த அந்தப் பெண்ணுக்குத் தானே பிசைந்து ஊட்டினார். தலை வாரிவிட்டார். சுவரைப் பற்றி மட்டும் பேசவில்லை. அவர் ஒருவர் எதிரில் உட்கார்ந்துகொண்டு ஒன்றைச் சொல்லாமல் இருந்ததை நான் பார்த்தது அப்போதுதான்.

வழக்கில் தீர்ப்பு வந்தது. குற்றம் நிரூபிக்கப்படவில்லை, விடுதலை. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. வெளியே வந்ததும் அக்கா வாட்ச்மேன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வராந்தாவின் மறுகோடிக்குப் போனார். பழைய தலைவரின் வக்கீல் நடுவில் வந்தார். பழைய தலைவரே அவரை விலகச் சொன்னார்.

"இப்ப கேஸு இல்ல, ஒண்ணும் இல்ல. இப்பவாவது சொல்லுண்ணே. தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்" என்றார் அவர். "அன்னைக்கு வீட்டுக்கு வந்து கேட்டப்பவே சொல்லிரணும்னுதான் நினைச்சேன். நீ போலீஸுன்னு சொன்னதும் பயந்துட்டேன்."

வாட்ச்மேனின் மனைவிதான் பேசினார். அவர் கோபப்படுவார், அழுவார் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். "நீங்கதான மொதல்ல பாத்தீங்க. அவரு தண்ணி எதுனா கேட்டாரா?" என்றார்.

"இல்லம்மா. நான் வரும்போதே ஒண்ணும் இல்ல."

வாட்ச்மேனின் மனைவி தலையை ஆட்டினார். சரி என்கிற மாதிரி. இத்தனை வருஷம் அந்த வராந்தாவில் அவர் எதற்காக உட்கார்ந்திருந்தார் என்று அப்போதுதான் தெரிந்தது. அக்காவிடம் சொல்லிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். பிறகு அவரை நாங்கள் பார்க்கவில்லை.

அடுத்த தேர்தலில் அக்கா தோற்றார். வந்தவர்கள் பழைய தலைவருக்கு வேண்டியவர்கள். அக்கா மேல் புகார் வேண்டாம் என்று அவரே அவர்களைத் தடுத்ததாகக் கேள்வி, உண்மையா தெரியாது. வந்த கையோடு கொத்தனாரைப் பிடித்தார்கள். கால் முறிந்த பெண்ணின் வீட்டுக்குப் போய்ப் புகாரில் கையெழுத்து வாங்கினார்கள். நஷ்டஈடு கிடைக்கும் என்று மட்டும் சொன்னார்களாம், யார் மேல் புகார் என்று சொல்லவில்லையாம். அதே பூந்தமல்லி கோர்ட்டில் இப்போது அக்காவின் பெயரைக் கூப்பிட்டார்கள். பழிவாங்குகிறார்கள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. "பழிதான். ஆனா செவுரு உழுந்துச்சே" என்றார் அக்கா.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்தால் போதும், கொத்தனாரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வக்கீல் வாசல்வரை சொல்லிக்கொண்டே வந்தார். குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று மாஜிஸ்திரேட் கேட்டபோது அக்கா, "தெரியும்ங்க. சாயுதுன்னு சொன்னாங்க. நான்தான் தள்ளிப் போட்டேன்" என்றார். வக்கீல் குறுக்கே எழுந்தார். யோசித்துச் சொல்லுங்கள், தண்டனை உண்டு என்று மாஜிஸ்திரேட் எச்சரித்தார். அக்கா அதையே திரும்பச் சொன்னார். அபராதமும், கோர்ட் கலையும் வரை உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்றும் தண்டனை ஆனது.

மூலையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். மற்றவர்களின் கேஸ்கள் வந்து போய்க்கொண்டிருந்தன. முழங்கால் வலிக்க வலிக்க இரண்டு கைகளாலும் அமுக்கிக்கொண்டிருந்தார். எத்தனையோ பேர் நடுவில் இரண்டு தலைவர்கள் இந்தக் கோர்ட்டுக்கு வந்ததில், தண்டனை வாங்கியது இவர் ஒருவர்தான் என்று நினைத்துக்கொண்டு நான் வாசலில் நின்றேன்.

கோர்ட் கலைந்ததும் வெளியே வந்தவர், கால் முறிந்த பெண் வந்திருந்தாளா என்று கேட்டார். இல்லை என்றேன். "நான் சொன்னது அவளுக்கு யாராவது சொல்றதுக்குள்ள நம்ப போயிடணும்" என்று ஆட்டோவை நிறுத்தினார்.

வீடு சென்னீர்குப்பத்தில், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில். அந்தப் பெண் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஊன்றுகோல் சாய்ந்திருந்தது. அக்காவைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, உள்ளேயிருந்து இன்னொரு நாற்காலி எடுக்கச் சொல்லி யாரையோ கூப்பிட்டார். அக்கா உட்காரவில்லை. கோர்ட்டில் சொன்னதை அப்படியே சொன்னார்.

"செவுரு உழும்னு உனுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"ஆஸ்பத்திரிக்கு வந்தியே தெனமும். அப்ப?"

"அப்பவும் தெரியும்."

நெடுஞ்சாலையில் போன லாரிச் சத்தம் அடங்கியது. பிறகு அந்தப் பெண் மெதுவாக, "உங்கையால சோறு துன்னேனேக்கா" என்றார்.

உள்ளேயிருந்து நாற்காலியைக் கொண்டுவந்தவர்கள் அதை எங்கே போடுவது என்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பெண் எங்களைப் போகச் சொல்லவில்லை. உட்காரவும் சொல்லவில்லை. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. அக்கா அந்த வாசலில் நின்றுகொண்டே இருந்தார்.